ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி

1

சென்ற வாரத்தோடு ஒரு வருடமாகிறது. மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு தபால்காரர் போனபின் உறையைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடங்களில் என் முழுப்பெயரை யாரும் பிழையில்லாமல் எழுதியதில்லை. மின்சாரக் கட்டணத்தில் ஓர் எழுத்துக் குறையும். மருத்துவ அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால் வந்துவிடும். மகளின் பாடசாலையில் என்னை என் கணவரின் தங்கை என்று ஒரு வருடம் முழுக்க வைத்திருந்தார்கள். இந்த உறையில் மட்டும் தவராணி என்ற என் பெயரும் அப்பாவின் பெயரும் ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தன. உடனே திறக்காமல் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன்.

கடிதம் பிரெஞ்சில் இருந்தது. அரசாங்கம் நடத்தும் பிரெஞ்சு வகுப்புக்கு இரண்டு வருடம் போனவள் நான். கடைக்குப் போவேன், டாக்டரிடம் பேசுவேன். அலுவலகக் கடிதம் வேறு. முதல் பக்கத்தில் எனக்குப் புரிந்தவை இரண்டு சொற்கள்தான். ஒன்று கூத்தோ, அதாவது கத்தி. மற்றது ஆர்ம். அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தும், வேறு ஏதாவது பொருள் இருக்கக்கூடும் என்று மகள் வரும்வரை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

மகள் மதுராவுக்கு அப்போது பதினான்கு வயது. பாடசாலைப் பையைக்கூடக் கழற்றாமல் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது.

"அம்மா, ஆர்ம் ப்ரொயிபே எண்டு எழுதிக் கிடக்கு. ப்ரொஹிபிட்டட் வெப்பன். நீங்க என்ன வாங்கினீங்க?"

வேலையால் வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்த என் கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் உரத்துத்தான் சொல்வார். அன்று மெல்லத்தான் சொன்னார்.

"தடைசெய்யப்பட்ட ஆயுதம்."

தமிழில் கேட்டபிறகுதான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். நான் மட்டக்களப்பில் வளர்ந்தவள். அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கத்தி வாங்கப்போய் மாட்டிக்கொண்டாளாம் என்று ஊரில் ஒரு கதை உலவுவதாக அறிந்தேன். போனில் கேட்டவர்களுக்கு அரையும் குறையுமாகச் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

2

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுசில் வேலை செய்கிறேன். மெட்ரோ எடுத்து, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். கடைகளிலிருந்து திரும்பி வரும் பொருட்களைப் பிரித்து, சரிபார்த்து, மறுபடி பெட்டியில் போடுவது வேலை. பெட்டிகள் உருளைகளின் மேல் ஓடும் பட்டியில் வரும். எனக்கு எதிரே நின்று வேலை செய்தவள் மரி-ஆன்ஜ், ஹெயிட்டியிலிருந்து வந்தவள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். இருவருக்கும் பிரெஞ்சு உண்டு, ஆனால் அவளுடையது ஆறு மாதிரி ஓடும், என்னுடையது கல்லில் தட்டித் தட்டி வரும். அப்படியே ஐந்து வருடம் கதைத்தோம்.

என் இடதுகையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. உள்ளங்கையில் ஒரு தழும்பு மணிக்கட்டு வரை போகிறது. பாத்திரம் கழுவலாம், பெட்டி தூக்கலாம். சின்னப் பொருளை இறுக்கிப் பிடிக்க முடியாது. மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டாள். கதவில் நசுங்கியது என்று சொன்னேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

ஓர் இலையுதிர்காலக் காலை, பத்து மணி இடைவேளைக்குச் சற்று முன், மரி-ஆன்ஜின் கையுறை பட்டிக்கும் உருளைக்கும் நடுவில் மாட்டியது. அந்தக் கையுறையில் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கும் ஒரு நாடா உண்டு. முதலில் நாடா போனது, பிறகு விரல்கள். அவள் கத்தவில்லை. என் பெயரைச் சொன்னாள், ஒரே ஒரு தடவை.

பட்டியை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மறுபக்கத்தில் இருந்தது. அதற்கு ஓடிச் சுற்றிப் போகவேண்டும். நான் அவள் முழங்கையை வலதுகையால் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். விட்டால் கை முழுக்க உள்ளே போய்விடும் என்று தோன்றியது. மேசையில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கட்டரால் பெட்டியில் ஒட்டிய டேப்பை மட்டும்தான் அறுக்கலாம், அதுவும் எட்டாது. என் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது, டொலர் கடையில் வாங்கியது. இடதுகையால் எடுத்தேன். அதை விரிக்க ஒரு கையால் பிடியைப் பிடித்து மறுகை நகத்தால் அலகை இழுக்கவேண்டும். என்னிடம் மிச்சம் இருந்த கை மடங்காத கை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். கத்தி வழுக்கிக் கீழே விழுந்தது.

யாரோ ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அம்புலன்சில் ஏற்றும்போது அவளுடைய மற்றக் கை என் சட்டையைப் பிடித்திருந்தது, அதைப் பிரித்தெடுத்தார்கள்.

மூன்று விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள் திரும்பி, "து எத்தே லா" என்றாள். நீ அங்கே இருந்தாய் என்று பொருள். நன்றி சொன்னாளா, குறை சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் அளவுக்கு என் பிரெஞ்சு போதாது என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நின்றாள். கையுறையும் அதே கையுறை. சிவப்புப் பொத்தானும் அதே இடத்தில்.

3

ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி ஒன்று என்னிடம் எந்நேரமும் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். வேலையில் மட்டுமல்ல. மெட்ரோவின் நகரும் படிக்கட்டில் முன்னால் நிற்பவரின் கழுத்துச் சால்வை தரை வரை தொங்கினால் அது படிகளின் இடுக்கில் மாட்டுமா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கதவில் யாருடைய பைப்பட்டியாவது மாட்டினால் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்து முடித்துவிட்டுக் கணினியின் முன் இருந்தேன். கத்திகளைப் பற்றிப் பேசும் வீடியோக்கள் எத்தனை இருக்கின்றன என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். ஓர் ஆள் வருவார். முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும். ஒவ்வொன்றாக விரித்து, மடக்கி, நிறுத்துக் காட்டுவார். அலகில் சின்னக் குமிழ் வைத்த கத்திகளைப் பெருவிரலால் தள்ளித் திறக்கலாம், ஆனால் தடித்த கையுறை போட்டால் குமிழ் அகப்படாது. முதுகுப்பக்கம் ஒரு துருத்தலை விரலால் தட்டித் திறப்பவை உண்டு. அதற்கு மணிக்கட்டைச் சுண்டவேண்டும், என் இடதுகைக்கு அது வராது. மூன்றாவது வகையில் பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அலகைத் தானாக வெளியே தள்ளும். அதை ஒட்டோமற்றிக் என்றார்கள். எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் மெசினும் ஒட்டோமற்றிக்தான். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு பயமும் தோன்றவில்லை.

முதன்முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது மட்டும் உடம்பு ஒருமுறை உதறியது. டக் என்று ஒரு சத்தம். ஆமிக்காரன் துவக்கின் பூட்டை இழுப்பது போல. சமையலறையில் நின்ற கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா அது?"

"கத்தி. வேலைக்கு."

"வேலையில தாறாங்கள்தானே?"

"அது அவசரத்துக்கு உதவாது. நீங்க அண்டைக்கு நிக்கல்ல. நான் நிண்டேன்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவரிடம் நான் அப்படிப் பேசுவது குறைவு.

மகளின் அடிமட்டத்தை எடுத்து என் உள்ளங்கையை அளந்தேன். மடக்கினால் உள்ளங்கைக்குள் மறையவேண்டும். அலகு என் நடுவிரலைவிட நீளக்கூடாது. தோலோடு ஒட்டிய துணியை அறுக்கும்போது ஆளைக் குத்தாமல் இருக்க நுனி கூராக இல்லாமல் வளைந்திருக்கவேண்டும். பொத்தான் பிடியின் மட்டத்துக்குக் கீழே பதிந்திருக்கவேண்டும். மேலே துருத்தினால் சட்டைப்பையில் தானாக அழுந்தித் திறந்துவிடும். அதற்கு மேலும் பாதுகாப்பாக ஒரு சின்னப் பூட்டு. சட்டைப்பை விளிம்பில் கொளுவிவைக்க ஒரு கிளிப். இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும்போதுகூட நான் இவ்வளவு பார்க்கவில்லை.

கடைசியில் ஒன்று நின்றது. சாம்பல் நிறம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். இங்கே எந்தக் கடையிலும் அது இல்லை. ஏன் இல்லை என்று நான் யோசித்திருக்கவேண்டும். வெளிநாட்டுக் கடையொன்று அனுப்புவதாகச் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொத்தானை அழுத்தி வாங்கினேன். வருவதற்கு முன்பே பேனையின் தலையை இடதுகைப் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பழகினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எரிச்சலோடு பார்த்தார்கள்.

4

பொதி எங்கே வருகிறது என்று கணினியில் பார்க்கலாம். ஆறாம் நாள் கனடாவுக்குள் வந்துவிட்டது. ஏழாம் நாள், "பரிசோதனைக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்று வந்தது. அதன்பிறகு அந்த வரி மாறவேயில்லை. காலையில் பார்த்தேன், இடைவேளையில் பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன். மூன்றாவது வாரம் அந்தப் பக்கமே மறைந்துவிட்டது. நான்காவது வாரம் கடிதம் வந்தது.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. மதுரா இரண்டாந்தரம் வாசிக்கும்போது கண்டுபிடித்தாள். கத்தியை விற்ற கடைக்காரன் பொதியின்மேல் 'சமையலறைச் சாமான்' என்று எழுதி அனுப்பியிருக்கிறான். பொய் விபரம் கொடுத்து ஆயுதம் இறக்குமதி செய்ததாகச் சந்தேகிக்கிறோம், இன்ன நாள் காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரவும் என்று எழுதியிருந்தார்கள்.

"நான் எழுதச் சொல்லல்ல" என்றேன்.

"அது உமக்கும் எனக்கும் தெரியும்" என்றார் கணவர். "உம்மட சிற்றிசன் பைல் எந்த நிலையில நிக்குது?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்குப் பயந்து பதினைந்து வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் இருந்தவள் நான். அவர் எப்போதோ கனடியர் ஆகிவிட்டார், மகள் இங்கே பிறந்தவள். வீட்டில் சிவப்பு நிற இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பது நான் மட்டும். கடைசியில் துணிந்து விண்ணப்பித்து, பரீட்சையும் பாஸ் பண்ணி, சத்தியப்பிரமாணத்துக்கு நாள் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். நிரந்தர வதிவிடமும் போகலாம், ஆளையே திருப்பி அனுப்பலாம் என்று யாரோ எங்கோ எழுதியதை வாசித்துவிட்டு அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சமையலறை இலாச்சியைத் திறந்தார். மீன் வெட்டும் கத்தியை எடுத்தார், தேங்காய் உடைக்கும் கத்தியை எடுத்தார், இரண்டையும் பத்திரிகையில் சுற்றிக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

"வீட்டைச் சோதிக்க வந்தா?" என்றார்.

அரைமணி நேரம் கழித்து அவரே எழும்பினார். "காரை மறிச்சா?" என்றார். கீழே போய்த் திரும்பவும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். மதுரா சிரித்துவிட்டாள். அவளுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"வை ஆர் யூ போத் லைக் திஸ்? இது மொன்றியல்" என்றாள்.

அவளுக்கு நான் சொல்லாத கதையை உங்களுக்குச் சொல்லலாம், உங்களில் பலருக்கு அது தெரிந்ததுதான். என் அண்ணன் வலை கட்டுகிறவர். நூல் அறுக்கச் சின்னக் கத்தியொன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். ஒருநாள் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் சைக்கிளை நிறுத்தி இடுப்பைத் தடவினார்கள். கத்தி அகப்பட்டது. எதற்கு என்று கேட்டார்கள். வலைக்கு என்றார். வலை எங்கே என்று கேட்டார்கள். வலை கரையில் இருந்தது. மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். என்ன நடந்தது என்று அம்மாவிடமும் சொல்லவில்லை, கல்யாணம் முடித்தபின் மச்சாளிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கத்தி எடுத்துப் போவதில்லை. நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பார். இப்போது முன்பல் இரண்டும் தேய்ந்து போய்விட்டன.

விசாரணை நாள் வரும்வரை கீழ்க்கதவு மணி அடித்தால் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஒருநாள் பீட்சா கொண்டுவந்தவன் வீடு மாறி அடித்துவிட்டான். கணவர் கதவைத் திறந்தபோது இரண்டு கைகளையும் வெளியே தெரியும்படி வைத்திருந்ததைக் கண்டேன். அவரே அதைக் கவனிக்கவில்லை.

5

அலுவலகம் நகரின் நடுவில். கணவருக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, எங்களை இறக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். வேண்டுமென்றால் இன்னும் ஆறு வாரம் தள்ளிப்போகும். அந்த ஆறு வாரத்தை எங்கள் வீடு தாங்காது என்று, பிரெஞ்சிலேயே பேசுகிறேன், மகள் உடன் வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

மகள் வர விரும்பவில்லை. இரண்டு வருடமாகவே பாடசாலைக் கூட்டங்களுக்கு நான் வருவதை அவள் விரும்புவதில்லை. நான் பிரெஞ்சு பேசத் தொடங்கினால் தரையைப் பார்ப்பாள். அன்று வரும் வழியெல்லாம் காதில் பாட்டுப் போட்டிருந்தாள்.

அதிகாரி ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு ஒரு படத்தை மேசையில் வைத்தார். சாம்பல் நிறக் கத்தி, அலகு விரிந்தபடி, பக்கத்தில் ஓர் அளவுகோல். நான் கொப்பியில் எழுதி வைத்த அளவு ஒன்றும் பிசகவில்லை. அதை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

"இது உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டார்.

நான் வீட்டில் சொல்லிப் பழகிய பதில் இருந்தது. மாட்டிக்கொண்ட கையுறையை அறுக்க. பிரெஞ்சில் கையுறைக்கு 'கான்' என்று சொல்லவேண்டும். வேலையிடத்தில் எல்லோரும் கிளவ்ஸ் என்றே சொல்வார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லை நான் சுவர் அறிவித்தலில் எழுத்தாகத்தான் பார்த்திருந்தேன், காதால் கேட்டதில்லை. எழுத்தை வைத்து 'ஜான்' என்று வாசித்துப் பழகியிருந்தேன்.

"பூர் கூப்பே லெ ஜான்" என்றேன். தெளிவாக, நிதானமாக, அதிகாரியின் கண்ணைப் பார்த்து.

அவருடைய பேனை நின்றது. பக்கத்தில் மகள் தலையைத் தூக்கினாள். நான் சொன்னதற்குப் பொருள், மனிதர்களை வெட்டுவதற்கு.

"இல்லை, இல்லை!" மதுரா பிரெஞ்சில் படபடவென்று பேசத் தொடங்கினாள். கையை உயர்த்தி, கையுறை போடுவதுபோலக் காட்டி, பட்டி, உருளை, மரி-ஆன்ஜ் என்று. வீட்டில் நான் சொன்னதையெல்லாம் அவள் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பட்டி ஓடிய திசையைக்கூடச் சரியாகச் சொன்னாள். அதிகாரி எழுதினார்.

"ஏன் சாதாரணக் கத்தி போதாது?"

மதுரா என்னைப் பார்த்தாள். நான் இடதுகையை மேசைமேல் வைத்தேன்.

அதிகாரி தழும்பைப் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். மடங்கவில்லை. ஏதோ எழுதினார். "இது எப்படி நடந்தது?" என்றார். "எந்த நாட்டில்?"

இந்த இடம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இலங்கையின் கிழக்கிலிருந்து வந்தவள், கையில் பழைய காயம், பெயரில் ஓர் ஆயுதம். அந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதினால் யார் வாசித்தாலும் ஒரு கதைதான் வரும். அது என் கதை இல்லை என்று எப்படி நிரூபிப்பேன்? கதவில் நசுங்கியது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். மகள் அதையே சொல்லப்போனாள்.

"போர்த் எண்டு சொல்லட்டா அம்மா? கதவு?"

"இல்ல மகள். கதவில்ல." தமிழில் சொன்னேன். "நான் பள்ளிக்கூடத்தில இருந்தேன். உன்ட வயசு. பக்கத்தில ஷெல் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு கையில ஏறினது. சொல்லு."

அவள் விழித்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பி மொழிபெயர்த்தாள். கோக்கியாஜ் என்ற சொல் என் காதில் விழுந்தது. அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். மகள் குழம்பி என்னிடம் திரும்பினாள்.

"ஷெல் எண்டா... கடற்கரையில பொறுக்கிறதுதானே அம்மா?"

"இல்ல" என்றேன். "மேலால வாறது. வெடிக்கிறது."

அவள் முகத்தில் அது போய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கான பிரெஞ்சுச் சொல்லை அவள் தேடினாள். சரித்திரப் பாடத்தில் படித்திருப்பாள். "அன் ஒபூ" என்றாள், மிக மெல்ல. அதிகாரி தலையசைத்தார். மற்றவர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. மகள்தான் கேட்டாள், தமிழில்.

"வேற ஆக்களுக்கும் நடந்ததா?"

"ஓம்" என்றேன். "அத அவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல."

அதிகாரி வேறு கேள்விகள் கேட்டார். ஏதாவது ஆயுத இயக்கத்தில் இருந்தேனா. இல்லை. வீட்டில் யாராவது. இல்லை. வேறு ஆயுதங்கள் உண்டா. இல்லை. ஒவ்வொரு இல்லையையும் மதுரா நான் சொன்னதைவிட உரத்துச் சொன்னாள்.

6

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. வழக்குப் போடவில்லை. கத்தி அழிக்கப்படும். இது என் பெயரில் பதிவில் இருக்கும். கணவர் அந்தக் கடிதத்தைக் கும்பிட்டுச் சாமியறையில் வைத்தார். மூன்றாவது வசனத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஒட்டோமற்றிக் கத்தி இந்த நாட்டில் யாருக்கும் கூடாது என்பது சட்டம். எனக்கு அது தெரிந்திருக்கவேண்டும், தெரியவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சத்தியப்பிரமாண நாள் மட்டும் இன்னும் வரவில்லை. கணினியில் பார்த்தால் "மேலதிக பரிசீலனையில் உள்ளது" என்று இருக்கிறது. முன்பு அந்த வரி அங்கே இருக்கவில்லை.

மதுரா அந்த நாளைப்பற்றிப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மார்கழி விடுமுறைக்கு மட்டக்களப்புக்குப் போகலாமா என்று அவளாகவே கேட்டாள். நானும் அவளும் போய் மூன்று வாரம் நின்றோம். ஒரு பின்னேரம் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். கட்டடம் புதிது, ஜன்னல்கள் புதிது. மதிலுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். படம் எடுக்கவில்லை. வாங்க போவம் என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

பொங்கலுக்கு முன் திரும்பி வந்தோம். மொன்றியல் விமான நிலையத்தில் எல்லோரும் இயந்திரத்தில் கடவுச்சீட்டைக் காட்டித் துண்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். மதுராவின் துண்டு வழக்கம்போல வந்தது. என் துண்டைப் பார்த்த இளம் அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு துண்டில் சிவப்புப் பேனையால் ஏதோ எழுதி, வலதுபக்கக் கதவைக் காட்டினார். மதுராவிடம், நீ போகலாம் என்றார்.

அவள் போகவில்லை.

அது ஜன்னல் இல்லாத அறை. நீளமான இரும்பு மேசையில் எங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். கருவாடு, மிளகாய்த்தூள், மச்சாள் கட்டித்தந்த தொதல் பலகாரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். வெளியே கணவர் காத்துக்கொண்டிருந்தார். மதுராவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, எடுக்கக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. இனி ஒவ்வொரு முறையும் இந்தக் கதவுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. என்னோடு வருபவர்களுக்கும் இதே கதவுதான்.

வயதான அதிகாரி ஒருவர் வந்து எதிரே இருந்தார். கையில் ஒரு தாள்.

"மதாம், ஆயுதம் ஏதாவது கொண்டுவருகிறீர்களா?"

நான் வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் கையை அழுத்தியது.

"நீங்க ஒண்டும் கதைக்காதீங்க அம்மா" என்றாள் மதுரா. "நான் கதைக்கிறன்."

கதிரையை இழுத்து எனக்குப் பாதி முன்னால் போட்டுக்கொண்டாள். தன் கடவுச்சீட்டை என் நிரந்தர வதிவிட அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அழகான பிரெஞ்சில், பிசிறில்லாமல், கேட்கப்பட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவரும் சிரித்த முகத்தோடு கேட்டார், அவளும் சிரித்த முகத்தோடு சொன்னாள். பார்த்தால் பாடசாலையில் பேச்சுப்போட்டி என்று சொல்வீர்கள்.

மேசைக்குக் கீழே அவளுடைய முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்தேன். நடுக்கம் நிற்கவில்லை.